புக்கிட் தீமா கைகாட்டி: நெம்புகோலிலிருந்து சர்வோ வரை



பள்ளி விடுமுறையில் மாணவர்கள் சிலரைக் கொண்டு மேசைமேல் மாதிரி ரயில் பாதை ஒன்றை அமைத்து வருகிறோம். அவர்கள் தேர்ந்தெடுத்தது நம் ஊரின் புக்கிட் தீமா ரயில் நிலையம். தண்டவாளமும் செங்கல் கட்டடமும் அட்டையில் எழுந்துவிட்டன. அடுத்து, வண்டியைத் தடம் மாற்றும் தடமாற்றியும் வண்டிக்கு வழி சொல்லும் கைகாட்டியும் அசைய வேண்டும். இவற்றை அசைக்கச் 'சர்வோ' எனப்படும் சிறு மோட்டார் போதும் என்பதைப் பெற்றோர் பலரும் அறிந்திருக்கிறார்கள். ஆயினும் அந்தச் சர்வோவுக்குக் கட்டளையிடும் கட்டுப்படுத்திகளில் எளிமையானது எது, எதை வாங்கலாம் என்று சிலர் என்னைக் கேட்டனர்.

கடைக்குப் போய் விலை பார்த்து விடை சொல்லிவிடலாம். ஆனால் ரயில் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு விலையைவிட முக்கியமான விடை ஒன்று கிடைக்கிறது. கைகாட்டியையும் தடமாற்றியையும் எப்படி அசைப்பது என்பதை மனிதர்கள் விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அசைக்கும் கருவி பழுதானால் கைகாட்டி எந்த நிலைக்குப் போக வேண்டும், அசைந்துவிட்டதா என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது என்ற இரண்டையும் கற்றுக்கொள்ளத்தான் பல உயிர்களை இழக்க வேண்டியிருந்தது. மாதிரிப் பாதைக்கான கட்டுப்படுத்தியைத் தேர்ந்தெடுக்கவும் இவ்விரண்டு கேள்விகளே போதும் என்பது என் கருத்து.

சிங்கப்பூரின் ஒற்றைத் தடம்

சிங்கப்பூரின் முதல் ரயில் பாதை 1903ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. டேங்க் ரோட்டில் தொடங்கிய அப்பாதை புக்கிட் தீமா வழியாக உட்லண்ட்ஸ் வரை சென்றது. டேங்க் ரோடு என்றதும் தமிழர்களாகிய நமக்கு நினைவுக்கு வருவது அருள்மிகு தெண்டாயுதபாணி கோயில். தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் அதே சாலையில்தான் ஒருகாலத்தில் நீராவி வண்டிகளும் வந்து நின்றன. 1923ஆம் ஆண்டு ஜோகூர் பாலத்தின் மீது ரயில் ஓடத் தொடங்கியதும், தீவின் பாதை மலாயாவின் பாதையோடு இணைந்தது.

1932ஆம் ஆண்டு பாதை திசை திருப்பப்பட்டது. நகரின் நடுவே சென்ற பழைய தடம் கைவிடப்பட்டு, புக்கிட் தீமாவிலிருந்து தஞ்சோங் பகாருக்குப் புதிய தடம் போடப்பட்டது. அந்த ஆண்டு மே மாதத்தில் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. நாம் இன்று காணும் புக்கிட் தீமா நிலையமும் அந்தக் காலத்ததே.

இந்தப் பாதையில் தமிழர்களின் உழைப்பு மிகுதி. தண்டவாளம் போட்டவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். மலாயா ரயில்வேயின் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் பணியாற்றினர். காமன்வெல்த் டிரைவில் இன்று நாம் வழிபடும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1930களில் ரயில்வே ஊழியர்கள் குவீன்ஸ்வே தண்டவாளத்தின் அருகே அமைத்த சிறு வழிபாட்டிடத்திலிருந்து வளர்ந்தது. ஆகவே இது பிறருடைய வரலாறு அன்று. நம் பிள்ளைகளின் பூட்டன்மார் கைபட்ட வரலாறு.

தஞ்சோங் பகாருக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே இருந்தது ஒற்றைத் தடம். போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் அதுவே பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால், ஒன்று எங்கேனும் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி ஒதுங்கப் பக்கத்தடம் இருந்த இடமே புக்கிட் தீமா நிலையம். பயணிகள் ஏறி இறங்குவதைவிட இந்த ஒதுங்கலே அதன் தலையாய பணியாக இருந்தது. மாதிரிப் பாதைக்கு மாணவர்கள் இந்நிலையத்தைத் தேர்ந்தெடுத்தபோது நான் மகிழ்ந்ததும் இதனால்தான். ஒரு தடமாற்றியும் ஒரு கைகாட்டியும் இருந்தால், ரயில் இயக்கத்தின் அடிப்படை முழுவதையும் இங்கே காட்டிவிடலாம்.

கைகாட்டி

நடுத் தண்டவாளத்தருகே உயர்ந்த கம்பம், அதன் உச்சியில் நீண்ட ஒரு பலகை. பலகை கிடையாக நீட்டி நின்றால் 'நில்', சாய்ந்தால் 'போகலாம்'. தமிழ் மக்கள் இதற்கு இட்ட பெயர் 'கைகாட்டி'. மொழியாசிரியர் எவரும் குழு அமைத்து ஆக்கிய சொல் அன்று இது. கண்டவர்கள் கண்டபடி வைத்த பெயர். வகுப்பில் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கைகளை அசைத்துத் தொலைவிலிருப்பவருக்குச் செய்தி சொல்லும் கம்பங்களைப் பிரெஞ்சு நாட்டின் கிளாத் சாப் உருவாக்கினார். 1794ஆம் ஆண்டு பாரீசுக்கும் லீல் நகருக்கும் இடையே அவருடைய கம்பங்கள் செய்தி அனுப்பின. 1840களின் தொடக்கத்தில் சார்லஸ் ஹட்டன் கிரெகரி என்ற ஆங்கிலப் பொறியாளர் அம்முறையை லண்டனை அடுத்த நியூ கிராஸ் பகுதியில் ரயிலுக்குக் கொண்டுவந்தார். நிலையத்தில் உள்ள நெம்புகோலை இழுத்தால், தரையோடு ஓடும் கம்பி இழுபட்டுத் தொலைவிலுள்ள கை அசையும்.

தொடக்கக் காலத்தில் இங்கிலாந்தின் பல பாதைகளில் கைகாட்டி சாதாரணமாகப் 'போகலாம்' என்ற நிலையிலேயே இருக்கும். வண்டியை நிறுத்த வேண்டியபோது மட்டும் கையைக் கிடையாக உயர்த்துவார்கள். 1876ஆம் ஆண்டு சனவரி மாதம் அபட்ஸ் ரிப்டன் என்ற ஊரில் கடும் பனி பெய்தது. நிலையத்தார் நெம்புகோலை 'நில்' என்ற பக்கம் தள்ளினர். ஆனால் பனி உறைந்து பாரம் ஏறிய கை 'போகலாம்' என்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டது. விரைந்து வந்த வண்டி, முன்னால் இருந்த நிலக்கரி வண்டியில் மோதியது. பின்னர் எதிர்ப்புறத்திலிருந்து வந்த இன்னொரு வண்டி அந்தச் சிதைவில் மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதன்பின் வழக்கம் தலைகீழாக மாறியது. கைகாட்டியின் இயல்பான நிலை 'நில்' என்றாயிற்று. வண்டி வரும்போது, வழி சரியாக இருந்தால் மட்டுமே கை சாயும். அத்துடன் கையின் மறுமுனையில் எடை சேர்க்கப்பட்டது. கம்பி அறுந்துபோனாலும் அந்த எடை கையை இழுத்துக் கிடையாக நிறுத்திவிடும். கருவி பழுதானால் ஆபத்து இல்லாத பக்கமே விழ வேண்டும் என்ற இந்தக் கொள்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கையெழுத்து மறையும் மாலை நேரத்தில் வீட்டுக்குத் திரும்பும் குழந்தையைப் பற்றிப் பேசுவேன். சந்தேகம் வந்தால் சாலையைக் கடக்காதே, நில் என்றுதானே நாம் சொல்லித் தருகிறோம்? ரயிலும் அதையே கற்றுக்கொண்டது.

பூட்டிக்கொள்ளும் நெம்புகோல்கள்

கைகாட்டி ஒன்று சொல்ல, தடமாற்றி வேறொரு பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகும்? இரண்டையும் இருவேறு கைகள் இயக்கியவரை இந்த ஆபத்து இருந்துகொண்டே இருந்தது. ஜான் சாக்ஸ்பி என்பவர் 1856ஆம் ஆண்டு, கைகாட்டியையும் தடமாற்றியையும் சேர்த்து இயக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததே 'இடைப்பூட்டு' முறை. நெம்புகோல்களுக்குக் கீழே வெட்டுக்குழி உள்ள இரும்புப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தடமாற்றியின் நெம்புகோல் சரியான பக்கத்தில் இல்லையென்றால், கைகாட்டியின் நெம்புகோலை எவ்வளவு வலிமையாக இழுத்தாலும் அசையாது. இழுப்பவர் களைத்திருக்கலாம், மறந்திருக்கலாம். இரும்பு மறப்பதில்லை.

நல்ல கருவி இருந்தும் எல்லா ரயில் நிறுவனங்களும் உடனே அதை வாங்கிவிடவில்லை. செலவு என்றார்கள். 1889ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை இன்பச் சுற்றுலா அழைத்துச் சென்ற வண்டியின் பெட்டிகள் ஏற்றத்திலிருந்து பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதின. சுமார் 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள். அந்த விபத்துக்குக் காரணம் தடமாற்றி அன்று. போதிய பிரேக் இல்லாததும், முன்வண்டி போய்ச் சேர்ந்ததா என்று கேளாமல் சில நிமிட இடைவெளி விட்டு அடுத்த வண்டியை அனுப்பும் பழக்கமும் காரணங்கள். ஆனால் அதே ஆண்டு பிரிட்டன் இயற்றிய சட்டம், பயணிகள் பாதைகளில் தொடர் பிரேக்கோடு இடைப்பூட்டையும் கட்டாயமாக்கியது. மாணவர்களை வெளியூர் அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் இந்த வரலாற்றை எளிதில் கடந்துபோக முடியாது.

ஒற்றைத் தடத்துக்கு இன்னொரு பாதுகாப்பும் தேவைப்பட்டது. 1874ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தார்ப் என்ற ஊரில், ஒற்றைத் தடத்தில் இருபுறமிருந்தும் அனுப்பப்பட்ட இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தனர். தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பமே காரணம். அதன் விளைவாக எட்வர்ட் டையர் 1878இல் ஒரு கருவியை உருவாக்கினார். இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு பெட்டியிலிருந்து அடையாள வில்லை ஒன்றை எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டிக்குள் போகும்வரை வேறு வில்லையை எந்தப் பெட்டியிலிருந்தும் எடுக்க முடியாது. வில்லை கையில் இருந்தால்தான் ஓட்டுநர் வண்டியை அந்தத் தடத்தில் செலுத்தலாம்.

இந்த முறையின் வழிவந்த சாவி வடிவ டோக்கன்தான் புக்கிட் தீமாவில் 2011 வரை கைமாறிக்கொண்டிருந்தது. வளையம் ஒன்றில் கோத்த பையில் அந்தச் சாவி இருக்கும். நிலைய ஊழியர் நடைமேடையில் நின்று வளையத்தை நீட்ட, மெதுவாகக் கடக்கும் வண்டியிலிருந்து ஓட்டுநர் கைநீட்டிப் பெற்றுக்கொள்வார். கணினிமயமான ஒரு நகரின் நடுவே இந்தக் காட்சியைக் காண மக்கள் கூடியதில் வியப்பில்லை. 2011ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. அதை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான் இப்ராகிம். அதன்பின் பெரும்பாலான தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, சுமார் 24 கிலோமீட்டர் நீளப் பாதை நடப்பவர்களுக்கு உரியதாயிற்று. பழுதுபார்க்கப்பட்ட புக்கிட் தீமா நிலையம் 2022ஆம் ஆண்டு சூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கைகாட்டிகளை இயக்கிய நெம்புகோல்களின் முன் நிறுத்தி, பூட்டிக்கொள்ளும் கதையைச் சொல்லுங்கள்.

தேக்காவுக்குக் கீழே

இப்போது காட்சி மாறுகிறது. லிட்டில் இந்தியா நிலையம் வடகிழக்கு ரயில் பாதையோடு சேர்ந்து 2003ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் திறக்கப்பட்டது. தொடக்கம் முதலே ஓட்டுநர் இல்லாத பாதை அது. தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு படியிறங்கும் நாம், முன்பெட்டியின் கண்ணாடி வழியே இருண்ட சுரங்கத்தைப் பார்த்தபடி பயணம் செய்கிறோம். நெம்புகோல் இல்லை, வளையம் இல்லை. தடமாற்றியை மின்மோட்டார் திருப்புகிறது. அதற்குக் கணினி கட்டளையிடுகிறது.

ஆயினும் பழைய கொள்கை மாறவில்லை. தடமாற்றி மோட்டாருக்குக் கட்டளை போனதும் கணினி நிறைவடைந்துவிடுவதில்லை. நாக்குத் தண்டவாளம் உரிய பக்கத்தில் ஒட்டிவிட்டதா, பூட்டிக்கொண்டதா என்று அங்கேயுள்ள தொடுகருவி திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த விடை வந்த பிறகே வண்டிக்கு அனுமதி. கேட்டதற்கு விடை இல்லையென்றால் 'நில்' என்றே பொருள்.

இந்த விடை பொய்யானால் என்ன நேரும் என்பதை அண்மையில் கண்டோம். 2023ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் ஒடிசா மாநிலத்தின் பகானாகா பசார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயிலுக்குப் பிரதானத் தடத்தில் செல்லப் பச்சை விளக்கு கிடைத்தது. ஆனால் தடமாற்றி பக்கத்தடத்தை நோக்கித் திரும்பியிருந்தது. வண்டி பக்கத்தடத்தில் புகுந்து, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. தடம்புரண்ட பெட்டிகளில் பெங்களூரிலிருந்து ஹவுரா சென்ற ரயிலும் சிக்கியது. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முன்னர்ச் சமிக்ஞை மின்சுற்றில் செய்த மாற்றங்களில் நேர்ந்த பிழைகளே காரணம் என்று ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. தடமாற்றி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணினி கேட்டது. கம்பி வழியே வந்த விடை உண்மையாக இல்லை. சாக்ஸ்பி காப்புரிமை பெற்று 167 ஆண்டுகள் கழிந்த பின்னும் கேள்வி அதே கேள்விதான்.

ஏவலன் என்னும் சர்வோ

இனி நம் மேசைக்கு வருவோம். சர்வோ என்ற சொல், ஏவலாள் அல்லது அடிமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கப்பலின் சுக்கானை நீராவி வலிமையால் திருப்பும் கருவியை உருவாக்கிய சோசப் ஃபார்கோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர், 1873இல் வெளியிட்ட நூலில் அப்பெயரை விளக்கினார். மாலுமி சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறாரோ அவ்வளவே சுக்கானும் திரும்பும். பொம்மை விமானங்கள் வழியாக அந்தக் கருத்து சிறு வடிவம் பெற்று, இன்று ஒன்பது கிராம் எடையில் நம் கைக்கு வந்திருக்கிறது.

சிறு சர்வோவினுள் நான்கு உறுப்புகள் உள்ளன: மோட்டார், வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டும் பற்சக்கரங்கள், அச்சு எங்கே நிற்கிறது என்பதை அளக்கும் மின்தடைமாற்றி, இரண்டையும் ஒப்பிடும் மின்சுற்று. கட்டுப்படுத்தி 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லி விநாடியானால் அச்சு நடுவில் நிற்கும். 1 மில்லி விநாடியானால் ஒரு பக்கமும், 2 மில்லி விநாடியானால் மறுபக்கமும் திரும்பும். கட்டுப்படுத்தி என்பது இந்தத் துடிப்பின் நீளத்தை நிர்ணயிக்கும் கருவியே.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பழைய கைகாட்டியின் கம்பி அறுந்தால் கை 'நில்' என்று நிற்கும். சர்வோவின் மின்சாரம் அறுந்தாலோ, அது கடைசியாக நின்ற இடத்திலேயே நின்றுவிடும். 'போகலாம்' என்று சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியே இருக்கும். இரண்டாவது, சர்வோ தன் அச்சின் நிலையைத் தனக்குள் அளந்துகொள்கிறது. ஆனால் சாதாரணச் சர்வோ அதைக் கட்டுப்படுத்திக்குச் சொல்வதில்லை. தடையில் சிக்கி முனகிக்கொண்டிருந்தாலும் கட்டுப்படுத்திக்குத் தெரியாது. வரலாறு கற்றுத் தந்த இரண்டு பாடங்களும் இந்தச் சிறு மோட்டாரில் இயல்பாக இல்லை. கட்டுப்படுத்திதான் அவற்றைத் தர வேண்டும்.

எதை வாங்கலாம்?

தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், ஜாலான் புசார் தொடங்கும் இடத்தில் சிம் லிம் டவர் இருக்கிறது. கணினிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. மின்னணு உதிரிப் பாகங்களுக்கு இங்கேதான் செல்ல வேண்டும். அங்கே நமக்குக் கிடைக்கக்கூடியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, சர்வோ சோதிப்பான். ஒரு குமிழ் மட்டும் இருக்கும். குமிழைத் திருப்பினால் சர்வோ திரும்பும். சில வெள்ளிகளில் கிடைக்கும். நிரல் எழுத வேண்டியதில்லை. எளிமைதான் அளவுகோல் என்றால் இதுவே முதலிடம் பெறும். ஆனால் இது கட்டளையிடும், கேட்காது. மின்சாரம் வந்தவுடன் குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கை போகும்.

இரண்டாவது, மாதிரி ரயில் ஆர்வலர்களுக்கென்றே விற்கப்படும் சர்வோ பலகைகள். பல சர்வோக்களை மெதுவாகவும் அழகாகவும் அசைக்கும். இருமுனை எல்லைகளையும் தனித்தனியே வைக்கலாம். பெரிய பாதை அமைப்பவர்களுக்கு ஏற்றவை. ஆனால் உள்ளே நடப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. வாங்குவதாயின், தொடுகருவியை இணைக்க உள்வாங்கும் முனை உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, ஆர்டுயினோ. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்த பலகை. எல்லாம் செய்யும். ஆனால் ஆங்கில எழுத்துகளில் நிரலைத் தட்டெழுத வேண்டும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்று.

நான்காவது, மைக்ரோபிட். பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. சிங்கப்பூரில் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 2017இல் தொடங்கிய திட்டத்தின் வழி நம் பள்ளிகளுக்கும் வந்தது. பல வீடுகளில் இழுப்பறையில் ஒன்று கிடக்கக்கூடும். கட்டங்களை அடுக்கி நிரல் அமைக்கலாம். அதன் விளிம்பில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் மூன்று பெரிய வளையங்கள் உள்ளன. நமக்குத் தேவையானவையும் மூன்றே: தடமாற்றிச் சர்வோவுக்கு ஒன்று, கைகாட்டிச் சர்வோவுக்கு ஒன்று, தடமாற்றியின் நாக்கு வந்து தொடும் சிறு விசைக்கு ஒன்று. தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு என் பரிந்துரை இதுவே.

மைக்ரோபிட் 3 வோல்ட்டில் இயங்குவது. சிறு சர்வோக்களுக்கு 4.8 முதல் 6 வோல்ட் வரை வேண்டும். எனவே சர்வோக்களுக்குத் தனி மின்கலப் பெட்டி வையுங்கள். மறுமின்னேற்றம் செய்யும் கலங்கள் நான்கு போதும். இரண்டு மின்மூலங்களின் எதிர்முனைகளையும் ஒன்றாக இணைக்க மறவாதீர்கள். இல்லையேல் துடிப்பு போய்ச் சேராது.

நிரலின் ஒழுங்கு எளியது. மின்சாரம் வந்தவுடன் முதல் வேலை, கைகாட்டியை 'நில்' நிலைக்குக் கொண்டுபோவது. இடப்பக்கப் பொத்தானை அழுத்தினால், முதலில் கை 'நில்' என்றாக வேண்டும். பிறகு தடமாற்றி பிரதானத் தடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு விநாடி பொறுத்து, விசை தொடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். தொடப்பட்டிருந்தால் மட்டுமே கை சாயலாம். வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால், கை 'நில்' என்றான பிறகு தடமாற்றி பக்கத்தடத்துக்குத் திரும்பும். இடையில் எப்போது விசை விடுபட்டாலும் கை உடனே 'நில்' என்றாக வேண்டும்.

கைக்கும் சர்வோவுக்கும் இடையே விறைப்பான கம்பிக்குப் பதில் நூலைக் கட்டி, கையின் வால்புறம் சிறு எடை சேருங்கள். நூல் அறுந்தால் கை தானே கிடையாகும். மின்சாரம் போனால் ஆகாது. அதை மறைக்க வேண்டாம். மின்கலத்தைப் பிடுங்கச் சொல்லிப் பிள்ளைகளே காணட்டும். பழைய இரும்புக் கைகாட்டி எந்த இடத்தில் நம் புதிய கருவியைவிட மேலானது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

எங்கள் மேசையில் ஒரு சோதனை செய்தோம். தடமாற்றியின் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஓர் அரிசியை வைத்தோம். குமிழ்ச் சோதிப்பானில் இயக்கியபோது, நாக்கு முழுதும் ஒட்டாதபோதும் கைகாட்டி கம்பீரமாகச் சாய்ந்தது. பொம்மை வண்டி தடம்புரண்டது. மைக்ரோபிட்டில் இயக்கியபோது கை அசையவே இல்லை. "கை ஏன் இறங்கவில்லை, ஆசிரியரே?" என்று ஒரு மாணவி கேட்க, அவளருகே இருந்தவன் "இன்னும் விடை வரவில்லை" என்றான். இடைப்பூட்டைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தில் பாதி அதன்பின் தேவைப்படவில்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

இந்த வேலையில் கணக்கும் இருக்கிறது. மலாயா ரயில் தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர் அகலம். எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் எத்தனை? சுமார் 11.5. கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர்த் தடம் ஏன் பொருந்துகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மொழியும் இருக்கிறது. கைகாட்டி, நெம்புகோல், தடமாற்றி, இடைப்பூட்டு, துடிப்பு என்ற சொற்களை அவர்கள் மனப்பாடம் செய்வதில்லை. ஒருவருக்கொருவர் கட்டளையிடும்போது அவை தாமே வாயில் வருகின்றன. தமிழ் வகுப்புக்கு வெளியே தமிழுக்கு ஒரு வேலை கொடுத்தால், அது நிலைக்கிறது.

கட்டுப்படுத்தி வாங்கப் போகும் பெற்றோர்கள் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மின்சாரம் வந்ததும் சர்வோ எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல முடியுமா? விசை ஒன்றை இணைத்து, நாக்கு போய்ச் சேர்ந்ததா என்று கேட்க முடியுமா? இரண்டுக்கும் 'முடியும்' என்ற விடை தரும் கருவிகளில் மிக எளியதை வாங்குங்கள். கட்டி முடித்ததும், அரிசி ஒன்றை வைத்துப் பார்க்க மறவாதீர்கள்.